லைசென்ஸ் எடுத்த ராசாவுக்கு

சோதினை பாஸ் பண்ணிப்போட்டாய் எண்டு கேள்விப்பட்டன். வட்ஸ்அப்பில படமும் கண்டன். பதினாறரை மீற்றர் ஆர்ட்டிக் லொறிக்கு முன்னால, கறுப்புக் கண்ணாடியும் போட்டு, நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறாய். வலு வடிவு. அந்தப் படத்தைப் பத்திரமா வைச்சிரு மோனை. கீறல் இல்லாத லொறியோட நீ நிக்கிற கடைசிப் படம் அதுவாய் இருக்கக்கூடும்.

கோவிக்காதை. ஈஸ்ட்ஹாம் முழுக்க உன்னைப் பாராட்டிப்போட்டுது. மிச்சம் இருக்கிறது புத்திமதிதான். அதைச் சொல்லுறதுக்கெண்டு ஒரு கிழவன் இருக்கோணுமல்லோ.

முதல் உன்ரை கெட்டித்தனத்தைப் பேசுவம். டொக்டரிட்டைப் போய்க் கண், நெஞ்சு, சீனி வருத்தம் எல்லாம் பார்த்து டி-4 படிவம் நிரப்பினாய். நூறு கேள்வியில 85 சரி வந்தால் பாஸ், வந்தது. 19 வீடியோத் துண்டு பார்த்து, ஆபத்து வாறதுக்கு முன்னம் மவுசைச் சொடுக்கினாய். சி.பி.சி. எண்டு பேர் வைச்ச தொழில் சோதினை, றிவேர்ஸ் சோதினை, றோட்டுச் சோதினை எல்லாம் முடிச்சாய். எங்கட சனம் சோதினைக்குப் பயந்த சனமே? டியூட்டறி வாங்கில குந்தியிருந்து பாஸ் பேப்பர் செய்து செய்து வளந்ததுகள். சோதினை எண்டால் பாஸ்தான். லொறிதான் பாவம், அது டியூட்டறிக்குப் போகேல்லை.

உன்னை லொறிப் பக்கம் திருப்பினது எது எண்டும் எனக்குத் தெரியும். 2021 செப்டம்பர். நீ பெற்றோல் செட்டில டில்லுக்குப் பின்னால நிக்கிறாய். நிலத்துக்குக் கீழ டாங்கி வறண்டுபோச்சு. வெளியில கார் வரிசை அடுத்த சந்தி மட்டும் நிக்குது. நாட்டில பெற்றோல் இருந்தது, கொண்டுவர டிரைவர் இல்லை. ஒரு லட்சம் டிரைவர்மார் குறைவு எண்டு றோட் ஹோலேஜ் அசோசியேசன் கத்தினது. அரசாங்கம் 5,000 தற்காலிக விசா எண்டு அறிவிச்சுப் பார்த்தது. ஒக்டோபரில ஆமிக்காரர் வந்து பவுசர் ஓடினவை. காசு எண்ணிற வேலையை விட லொறி ஓடுறவனுக்குத்தான் மதிப்பு எண்டு அண்டைக்கு உனக்கு ஞானம் பிறந்தது. நல்ல ஞானம்தான்.

அதோட அரசாங்கம் இன்னொரு காரியமும் செய்தது. முந்தி கார் லைசென்ஸ்காரன் முதல் ரிஜிட் லொறிக்குச் சோதினை எடுத்து, பிறகுதான் ஆர்ட்டிக்குக்குப் போகலாம். 2021 நவம்பரில அந்தக் கீழ்ப்படியைக் கழட்டிப்போட்டினம். நேற்று வரைக்கும் டொயோட்டா யாறிஸ் ஓடினவன் இண்டைக்கு 44 தொன் ஓடச் சோதினைக்குப் போகலாம். ஊரில ஆயுள் முழுக்க லொறி ஓடின உன்ரை சித்தப்பாவுக்கு மட்டும் இலங்கை லைசென்சை இஞ்சை மாத்திக் குடுக்க மாட்டினம். அவர் எல் போட்டோட தொடங்கோணும். நியாயம் எல்லாம் ஒரு பக்கம்தான் ஓடும், வன்வே.

சித்தப்பா எப்பிடி டிரைவர் ஆனவர் எண்டு கேட்டுப் பார்த்திருக்கிறியே? கிளீனராய் ஏறி. சுன்னாகம் சந்தையில வெங்காயம் ஏத்தி, ஆனையிறவு தாண்டி, முறிகண்டியில தேங்காய் உடைச்சு, விடியப் புறக்கோட்டையில இறக்கிற லொறி. அதில கிளீனருக்கு இடம் இடப்பக்கம். ரயரைத் தட்டிப் பார்க்கிறது, றேடியேட்டருக்குத் தண்ணி விடுறது, படங்கு கட்டுறது, ஏத்தத்தில நிண்டால் பாஞ்சு இறங்கிச் சில்லுக்குக் கட்டை வைக்கிறது, ஒழுங்கைக்குள்ள பின்னுக்கு எடுக்கேக்கை “வரட்டும், வரட்டும்” எண்டு கத்திறது. ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார் டிரைவர். தொட்டால் பொச்சில அடி. ஆனால் வருசக்கணக்கில பக்கத்தில இருந்து பார்த்த பெடியனுக்கு, எந்த வளைவில டிரைவரின்ரை கால் முன்னமே பிறேக்குக்குப் போகுது எண்டு தெரியும். நாமக்கல், சங்ககிரிப் பக்கமும் இதே வழிதான். இப்ப அங்கையும் கிளீனர் வேலைக்கு ஆள் வாறதில்லையாம். லண்டனிலயும் ஒரு காலம் குதிரை வண்டிலுக்குப் பின்னால வான் போய் எண்டு சின்னப் பெடியள் குந்தியிருந்து சாமானுக்குக் காவல் நிண்டவங்கள். அதுகளில கனபேர் பிறகு வண்டில்காரர் ஆனதுகள்.

இப்ப அந்த இடப்பக்க சீற் காலி. அதில உன்ரை ஜக்கெற்றும் புட்டுப் பார்சலும் இருக்குது.

அந்தக் காலிச் சீற்றுக்காக லண்டனில எவ்வளவு செலவாகுது தெரியுமே? இடப்பக்கம் திரும்பேக்கைதான் லொறி சைக்கிள்காரரை நசுக்கிறது. கிளீனர் இருந்த பக்கம். அவன் தலையை வெளியில போட்டுப் பார்த்த பக்கம். அவனை இறக்கிவிட்டாச்சு, அதுக்குப் பிறகு கண்ணாடி மேல கண்ணாடி, கமரா, சென்சர். 2021 மார்ச்சில இருந்து 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறி லண்டனுக்குள்ள வாறதெண்டால் டைரக்ட் விஷன் ஸ்டான்டர்ட் எண்ட அனுமதி வேணும். டிரைவர் சீற்றில இருந்து நேர் கண்ணால எவ்வளவு தெரியுது எண்டு பார்த்து, லொறிக்குப் பூச்சியத்தில இருந்து அஞ்சு வரைக்கும் நட்சத்திரம் குடுப்பினம். 2024 ஒக்டோபர் 28 தொடக்கம் மூண்டு நட்சத்திரத்துக்குக் குறைஞ்சால் கூடுதல் கருவி பூட்டோணும். இடப்பக்கம் சிக்னல் போட்டால் “இந்த வாகனம் இடப்பக்கம் திரும்புது” எண்டு லொறியே கத்தும். கிளீனர் வாயால கத்தினதைப் பெட்டி கத்துது. பெட்டிக்குச் சாப்பாடும் பீடியும் தேவையில்லை, அது ஒரு லாபம்.

இதுக்குள்ள நீ டாஷ்போட்டில பிள்ளையாரை வைச்சு, கண்ணாடியில முருகன் ஸ்டிக்கர் ஒட்டி, நடுவில எலுமிச்சம்பழமும் தூக்கி, மூண்டு நட்சத்திரக் கண்ணாடியை ஒரு நட்சத்திரம் ஆக்காதை. முருகன் மன்னிப்பார். கண்ணாடியை மறைச்சதை, றோட்டில லொறியை மறிச்சுப் பார்க்கிற டி.வி.எஸ்.ஏ. அதிகாரி மன்னிக்க மாட்டார். சாமி வைக்கிற இடம் பின் படுக்கைப் பக்கம் இருக்குது.

சேஃப் அர்பன் டிரைவிங் எண்டு ஒரு வகுப்பும் இருக்கு. அதில லொறி டிரைவர்மாரைப் பிடிச்சுச் சைக்கிளில ஏத்தி லண்டன் றோட்டில விடுவினம். தொந்தியும் ஹெல்மெற்றுமாய், பக்கத்தால பஸ் உரசிக்கொண்டு போகேக்கை அவையின்ரை முகத்தைப் பார்க்கோணும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கால் எடுக்கிற 35 மணித்தியாலப் பயிற்சியில இதையும் சேர்க்கலாம். கந்தோரில இருந்து சிலைட் பார்த்துக் கொட்டாவி விடுற வகுப்பும் இருக்கு; நீ அதைத்தான் தெரிவாய் எண்டு எனக்குத் தெரியும், பிஸ்கற் தருவினம். சைக்கிளுக்குப் போ.

இனிப் பாலங்கள். இதில எனக்கு ஆசை கூட, கொஞ்சம் பொறு.

புது டிரைவருக்கு என்ரை முதல் ஆலோசனை: பாலத்தில எழுதிக்கிடக்கிற உயரத்தை நம்பாதை. கவுன்சில்காரன் பொழுது போகாமல் எழுதினது. போனில இருக்கிற கூகுள் அம்மா சொல்லுறதை மட்டும் கேள். அவவுக்கு நீ லொறியில போறியோ மச்சாளின்ரை காரில போறியோ எண்டு தெரியாது, தெரியவும் ஆசையில்லை. அவ உன்னை றொதர்ஹைத் சுரங்கத்துக்கு அனுப்புவா. அதில ரண்டு மீற்றருக்கு மேல உயரமோ அகலமோ போகேலாது, உன்ரை லொறியின்ரை அகலமே ரண்டரை மீற்றர். டவர் பிரிட்ஜில 18 தொன்னுக்கு மேல ஏறக்கூடாது. ஹமர்ஸ்மித் பாலம் 2019 ஏப்ரலில இருந்து மோட்டர் வாகனத்துக்கே மூடினது. பிளாக்வால் சுரங்கத்தின்ரை வடக்குப் பக்கம் போற குழாய் 1897 இல குதிரை வண்டிலுக்குக் கட்டினது. நாலு மீற்றருக்கு மேற்பட்ட லொறி அதுக்குள்ள போகேலாது. தெற்கே வாற குழாய் 1967 இல கட்டினது, அதில உயரம் கூட. போகேக்கை ஒரு கணக்கு, திரும்பேக்கை இன்னொரு கணக்கு. நீ உயரமான லொறியோட வடக்குக் குழாய் வாசலுக்குப் போனால் சுரங்கத்தையே நிப்பாட்டுவினம். பின்னால நிக்கிற பல்லாயிரம் சனம் உன்ரை பரம்பரையை நினைச்சுப் பார்க்கும். எங்கட ஆக்களில எவருக்கு இவ்வளவு கெதியாய்ப் புகழ் கிடைச்சிருக்கு?

விம்பிள்டன் பக்கம் போனால் லோவர் டவுன்ஸ் றோட்டில ஒரு ரயில் பாலம். நாட்டில கூட இடி வாங்கிற பாலங்களின்ரை பட்டியலில அடிக்கடி முன்னுக்கு நிக்கிறது. அந்தப் பாலத்தை இடிச்ச ஒருத்தனும் பாலம் இருந்தது தெரியாமல் இடிக்கேல்லை. தன்ரை லொறியின்ரை உயரம் தெரியாமல்தான் இடிச்சவன்.

இதில பகிடி இல்லாத ஒரு விசயம் சொல்லுறன், காதைக் குடு. மூண்டு மீற்றருக்கு மேற்பட்ட லொறியில உயரத்தை எழுதி டிரைவர் கண்ணில படுற இடத்தில வைக்கோணும் எண்டது சட்டம். நீயும் வைச்சிருப்பாய். ஆனால் அது நேற்றையான் ட்ரெய்லரின்ரை உயரம். இண்டைக்கு யாட்டில வேறை ட்ரெய்லர் பூட்டிவிட்டிருப்பினம்; டபிள் டெக் எண்டால் 4.9 மீற்றரும் இருக்கும். நம்பரை மாத்த மறந்தால் நீ சட்டப்படி சரியாய் எழுதின பிழையான உயரத்தோட பாலத்துக்குக் கீழ போறாய். ட்ரெய்லர் மாறினால் முதல் வேலை அந்த அட்டை. தேத்தண்ணி பிறகு.

ட்ரெய்லர் பூட்டிற கதை வந்ததால அதையும் முடிப்பம். ட்ரெய்லரின்ரை பார்க்கிங் பிறேக் இழுத்திருக்கோ எண்டு பார். ஆறுதலாய்ப் பின்னுக்குப் போய், அஞ்சாம் சில்லு எண்டு சொல்லுற கொழுவுத் தட்டுக்குள்ள கொழுவு. முன்னுக்கு இழுத்துப் பார். முன் யூனிற்றின்ரை ஹான்ட் பிறேக்கைப் போடு. பிறகுதான் இறங்கிறது. கொக்கியைக் கண்ணால பார், அதுக்குப் பிறகு காத்துக் குழாய். இந்த ஒழுங்கை ஏன் அலுக்க அலுக்கச் சொல்லித் தருகினம் எண்டால், ஹான்ட் பிறேக் போடாமல், ட்ரெய்லர் பிறேக்கும் பார்க்காமல், சிவப்புக் குழாயைக் கொழுவினவுடன ட்ரெய்லரின்ரை பிறேக் விடுபடும். முழு லொறியும் தன்பாட்டில உருளத் தொடங்கும். உருளுற லொறியைப் பிடிக்க ஓடிப்போய் ஏறப் பார்த்தவை, முன்னால நிண்டு தள்ளப் பார்த்தவை செத்திருக்கினம். பழைய ஆக்களும் அதில இருக்கினம், ஏனெண்டால் அவைக்குத்தான் ஒழுங்கு மனப்பாடம். உருண்டால் விடு. லொறி கொம்பனியின்ரை. கால் உன்ரை.

காலமை லொறியைச் சுத்திப் பார்க்கிற வேலையில நீ என்ன செய்வாய் எண்டும் தெரியும். சீற்றில இருந்தபடி போனில எல்லாக் கட்டத்துக்கும் “சரி” எண்டு அமத்துவாய். லைற் எரியுது எண்டு எழுதிறாய், லைற்றோ பின்னால இருக்குது. சில்லு நட்டில மஞ்சள் அம்பு குத்தியிருக்கும். ஒண்டு திரும்பியிருந்தால் நட்டு இளகுது. ரயர்ப் பல்லு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. றோட்டில மறிச்சால் கொம்பனி முதலாளி வீட்டில நித்திரை. பதில் சொல்லுறது நீ. சித்தப்பா ரயரைத் தட்டிப் பார்த்தது பைத்தியத்தில இல்லை.

சரி, நீ நகர வேலை வேண்டாம், இரவு ட்ரங்கிங்தான் ஓடப்போறன் எண்டு சொன்னியாம். டவென்ட்ரியில பெரிய களஞ்சியத்தில ஏத்தி, எம்-1 இல இறங்கி, லண்டனில மாத்தி, விடியமுன்னம் வீடு. றோட்டு வெறுமை, சைக்கிள் இல்லை, பாட்டுக் கேக்கலாம். நல்ல யோசினை. லொறிக்கு மணிக்கு 56 மைலில கடிவாளம் போட்டிருக்கினம். 55 இல போற இன்னொரு லொறியை நீ முந்தப் பார்க்கேக்கை ரண்டு பேரும் பக்கம் பக்கமாய் ஒரு மாவட்டத்தையே கடக்கலாம். பின்னால கார்க்காரர் கைகாட்டுவினம், கும்பிடுகினம் எண்டு நினைச்சுக்கொள்.

ஓடின நேரத்தையும் ஓய்வையும் பதியிற டாக்கோக் கருவியை மட்டும் பகைக்காதை. 1981 முடிவில இஞ்சை அது கட்டாயமாகேக்கை யூனியன்காரர் அதுக்குக் கேபினுக்குள்ள இருக்கிற உளவாளி எண்டு பேர் வைச்சவை. எனக்கு அது முறிகண்டிப் பிள்ளையார். நிப்பாட்டிக் கும்பிட்டுப் போனால் ஒரு குறையும் இல்லை, அவசரத்தில கும்பிடாமல் போனவனை எங்கையோ ஓரிடத்தில மறிப்பார். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிசம் ஓய்வு. பிரிச்சும் எடுக்கலாம்: முதல் 15, பிறகு 30. தலைகீழாய் 30 முதலும் 15 பிறகுமாய் எடுத்தால் கணக்கில சேராது. ஒரு நாளைக்கு ஒம்பது மணித்தியாலம். கிழமையில ரண்டு நாள் பத்து. ரண்டு கிழமைக்கு 90க்கு மேல இல்லை. நிப்பாட்டின உடன ஓய்வு எண்டு நினைச்சுக் கண்ணை மூடாதை. லொறி நிண்டால் கருவி “வேறை வேலை” எண்டுதான் பதியும், கட்டில் படத்துக்கு நீதான் மாத்தோணும். 45 நிமிசம் படுத்தெழும்பி, சட்டப்படி 45 நிமிசம் வேலை செய்திருப்பாய்.

இரவில லண்டனுக்குள்ள நினைச்ச றோட்டால வரேலாது எண்டதையும் சொல்லிப்போடுறன். 1985 இல தொடங்கின கட்டுப்பாடு அது, இப்ப 18 தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு. வார நாளில இரவு ஒம்பதில இருந்து காலமை ஏழு மட்டும். சனி பின்னேரம் ஒரு மணி தொடங்கினால் திங்கள் விடியும் மட்டும். குடியிருப்பு றோட்டில குறுக்கு வழி தேடினால் கொம்பனிக்கும் தண்டம், உனக்கும் தண்டம். சனம் நித்திரை கொள்ளுறதுக்குப் போட்ட சட்டம். உன்ரை கொம்மாவும் அந்த றோட்டிலதான் நித்திரை கொள்ளுறா.

றிவேர்ஸ் பற்றி நீ கேக்கேல்லை, அதாலதான் சொல்லுறன். சாமான் ஏத்தி இறக்கிற பேக்குள்ள பின்னுக்கு எடுக்கேக்கை சந்தேகம் வந்தால் இறங்காதை. இறங்கிப் பார்த்தால் போர்க்லிப்ட்காரன் சிரிப்பான், மானம் போயிடும். இறங்காமல் இடி. பிறகு அதே போர்க்லிப்ட்காரன் சிரிக்காமல் படம் எடுப்பான், கொம்பனி உன்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு தேத்தண்ணி தரும், இன்சூரன்ஸ்காரன் கடிதம் எழுதுவான். எவ்வளவு மரியாதை! நல்ல டிரைவர் எண்டு பேர் எடுத்த ஆக்கள் அதே இடத்தில அடிக்கடி இறங்கிப் பார்க்கிறதை நான் கண்டிருக்கிறன். அவைக்கு மானம் இல்லை, ஓய்வூதியம் இருக்கு.

இவ்வளவும் சொன்னாலும் உன்னிலதான் பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. உன்ரை வயசுப் பெடியள் ஏஜென்சிக்குப் போன் அடிச்சால் முதல் கேள்வி, ரண்டு வருச அனுபவம் இருக்கோ. இல்லையெண்டால் இன்சூரன்ஸ் ஏத்துக்கொள்ளாதாம். அந்த ரண்டு வருசத்தை எங்கை போய்ப் பழகிறது எண்டதுக்கு ஒருத்தரிட்டையும் பதில் இல்லை. ஒழுங்கான சில கொம்பனிகள் பழைய டிரைவர் ஒருத்தரைக் கொஞ்ச நாள் பக்கத்தில இருத்தி அனுப்பினம். சில இடத்தில திறப்பையும் போஸ்ற்கோட்டையும் தந்து, “பத்திரமாய்ப் போட்டு வா” எண்டு சொல்லுறதோட பயிற்சி முடிஞ்சுது. டிரைவர் பஞ்சம் எண்டு கத்தினவை லைசென்ஸ் அட்டையைத்தான் எண்ணினவை. பக்கத்தில இருந்து சொல்லித் தாறவனை எண்ணேல்லை. சட்டம் எழுதினவை லொறிக்கு நட்சத்திரம் குடுத்தினம், வாத்தியாருக்கு ஒண்டும் குடுக்கேல்லை. என்ரை கணக்கில பஞ்சம் அங்கைதான்.

ஆனபடியால், சம்பளம் மணிக்கு ரண்டு பவுண் கூடத் தாறவனிட்ட ஓடாதை. முதல் வருசம், பக்கத்தில ஆளை இருத்தித் தாறவனிட்டப் போ. நேர்முகத்தில அவன் உன்னைக் கேள்வி கேட்டு முடிய நீ ஒரு கேள்வி கேள்: “எத்தினை நாள் என்னோட ஆள் வருவார்?” அவன் முழிச்சால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பு.

இதை வாசிக்கிற மூத்த டிரைவர்மாருக்கும் ஒரு சொல்லு. வெம்பிளியிலும் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் உங்களைப் போல கனபேர் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். கலியாண வீட்டில ஒவ்வொருத்தரும் எம்-25 ஐத் தனியாய்க் கட்டினவர் மாதிரித்தான் கதைக்கிறியள். அந்தக் கதையைப் பந்தியில விடாமல் கேபினில விடுங்கோ. கொம்பனியிட்ட எழுத்தில கேளுங்கோ, இன்சூரன்ஸ் ஓமெண்டால் இடப்பக்கத்தில கிடக்கிற ஜக்கெற்றைத் தூக்கிப்போட்டு ஒரு பெடியனை இருத்துங்கோ. இல்லையெண்டால் ஞாயிற்றுக்கிழமை யாட்டில ஒரு மணித்தியாலம் நிண்டு, பூட்டிறதையும் கழட்டிறதையும் காட்டுங்கோ. பேசலாம், அடிக்கக்கூடாது, இஞ்சை பொலிஸ் வரும். தேத்தண்ணிக் காசைப் பெடியன் குடுக்கட்டும்.